1,800 ரூபா பெல்ட், 2,500 ரூபா அலைச்சல்

தோட்ட அலுவலகத்திலும் களஞ்சியத்திலும் கம்பனிக் கணக்குப் பிரிவிலும் வேலை பார்ப்போருக்கு ஒரு கொள்வனவு வழிகாட்டி

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. வாங்குவோர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து குரல் கொடுத்து விலை கேட்கும் அந்த முறை நூறாண்டு தாண்டியும் மாறவில்லை. 2020 ஏப்ரலில், கொவிட் ஊரடங்கு வந்து சில வாரங்களுக்குள், ஏலம் முழுவதும் இணையத்துக்குப் போனது. அன்று முதல் ஊவாத் தேயிலையும் கணினித் திரையில்தான் விலைபோகிறது.

விற்கும் பக்கம் மாறிவிட்டது. வாங்கும் பக்கம்? அதே தேயிலையைச் செய்யும் தொழிற்சாலைக்கு ஒரு பெல்ட், ஒரு பெயாரிங், ஒரு பெட்டி கையுறை வாங்க, துண்டுச்சீட்டும் கார்பன் தாளும் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்பும் பல இடங்களில் இன்னும் தேவைப்படுகின்றன. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை, மடுல்சீமை என்று எந்தப் பக்கத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் இந்தக் கோப்பு உங்கள் மேசையைக் கடந்துதான் போகும். அதைக் கடத்திவிடுகிறவராக இருப்பதா, அதன் வழியையே திருத்துகிறவராக இருப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். திருத்துகிறவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. எப்படித் திருத்துவது என்று பார்ப்போம்.

எவை இந்தக் கணக்கில் வரும்?

விற்கும் பொருளுக்குள் நேரே போய்ச் சேருபவை நேரடிக் கொள்வனவு. சிறுதோட்டக்காரரிடம் வாங்கும் பச்சைக் கொழுந்தும் தேயிலை அடைக்கும் கடதாசிப் பைகளும் அந்த வகை. விலை அசைந்தால் துரையும் தலைமை அலுவலகமும் உடனே கவனிப்பார்கள்.

மற்றதெல்லாம் மறைமுகக் கொள்வனவு: வி-பெல்ட், பெயாரிங், மின்குமிழ், மருந்தடிக்கும் இயந்திரத்தின் வாஷர், கவ்வாத்துக் கத்தி, கையுறை, தார்ப்பாய், டயர், அச்சு மை, சவர்க்காரம், மோட்டார் திருத்தம், போட்டோகொப்பி வாடகை. ஒவ்வொன்றும் சிறியது; ஆனால் எண்ணிக்கை பெரியது. யாருக்கும் முழுப் பொறுப்பில்லை, அதனால் யாரும் கூட்டிப் பார்ப்பதும் இல்லை.

தோட்டங்களில் இது இன்னும் சிக்கல். 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, அரச தோட்டங்களின் முகாமை தனியாரிடம் கைமாறியது. தேவை மலையில் எழும். அனுமதி பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும். இடையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வீதி.

ஒரு பெல்ட்டின் பயணம்

ரோலரை ஓட்டும் வி-பெல்ட் ஒன்று தேய்ந்துவிட்டது. பதுளை நகரில் அதன் விலை 1,800 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்கான உதாரணம். உங்கள் இடத்து நிமிடங்களையும் சம்பளத்தையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

டீமேக்கர் பெல்ட்டைப் பார்த்து, சீட்டு எழுதி, ஆளனுப்ப 20 நிமிடம்: 200 ரூபா. களஞ்சியப் பொறுப்பாளர் இருப்புப் புத்தகம் பார்த்து, கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, வந்த சாமானை ஏற்று எழுத 40 நிமிடம்: 240 ரூபா. அலுவலகக் கிளாக்கர் மூன்று விலை கேட்டு, கட்டளை தட்டச்சிட்டு, பில்லைச் சரிபார்த்து, வவுச்சர் எழுத 90 நிமிடம்: 600 ரூபா. துரை இரண்டு இடத்தில் கையெழுத்திட்டு, ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்க 20 நிமிடம்: 500 ரூபா. தலைமை அலுவலகத்தில் அனுமதியும் பதிவும் காசோலையும் 30 நிமிடம்: 400 ரூபா. நகரத்துக்குப் போன வாகனத்தில் இந்தச் சாமானின் பங்கு 500 ரூபா. தாள், தொலைபேசி, தபால் 60 ரூபா.

கூட்டினால் 2,500 ரூபா. பெல்ட்டின் விலையை விடக் கூட. கடைக்காரரிடம் பேரம் பேசி பத்து வீதம் குறைத்தால் கிடைப்பது 180 ரூபா. இந்த வழியைப் பாதியாக்கினால் 1,250 ரூபா. மூன்று கடையில் விலை கேட்பது கட்டாயம் என்ற விதி பெரிய கொள்வனவில் காப்பாற்றும். 1,800 ரூபாச் சாமானில் அது காக்கும் தொகையை விடச் சாப்பிடும் தொகை கூட.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஒரு பெல்ட்டின் பின்னால் போகும் அலைச்சல் அதைத் தாண்டுகிறது. "செலவு தாங்க முடியவில்லை" என்று பேசப்படும் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும்.

மிச்சமான நிமிடம் தானாகக் காசாகாது

மென்பொருள் விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார். கிளாக்கரின் 90 நிமிடம் 20 ஆகக் குறைந்தால் அவருடைய சம்பளம் குறையப்போவதில்லை, குறையவும் கூடாது. அந்த 70 நிமிடத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இலாபம். இருப்பு எண்ணுதல், கடனாளிக் கணக்கைச் சீராக்குதல், வரிப் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்தல் என்று இதுவரை நேரமில்லாமல் விடுபட்ட வேலைக்குப் போனால் பலன் உண்டு.

உடனே காசாக மிஞ்சுபவை நான்கு: குறைந்த வாகன ஓட்டம், அவசரத்தில் கூடிய விலைக்கு வாங்காமை, களஞ்சியத்தில் தேங்கிக் கெடும் சாமான் குறைதல், இயந்திரம் நிற்கும் மணிநேரம் குறைதல். கடைசியானதே பெரியது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும் காலம் ஊவாத் தேயிலையின் தரம் உச்சத்தில் இருக்கும் காலம். அந்த நாட்களில் வாடிய கொழுந்து காத்திருக்க, ஒரு பெல்ட்டுக்காக ரோலர் நின்றால், நட்டத்தை பெல்ட்டின் விலையில் அளக்க முடியாது. முன்மொழிவு எழுதும்போது நேர மிச்சத்தையும் காசு மிச்சத்தையும் இரண்டு தனி வரிகளில் காட்டுங்கள். கணக்காளர் உங்களை நம்பத் தொடங்குவது அங்கேதான்.

முதல் மாதம்: எண்ணுங்கள், பிரியுங்கள்

கணினி பிறகு வரட்டும். ஒரு கொப்பியோ எக்செல் தாளோ போதும். ஒரு மாதம் வந்த ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஐந்து குறிப்பு: என்ன பொருள், என்ன விலை, கேட்ட நாள், கைக்கு வந்த நாள், எத்தனை கையெழுத்து. மாத முடிவில் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, அன்றாடச் சாமான்: கையுறை, குமிழ், தாள், சவர்க்காரம், வாஷர். எங்கும் கிடைக்கும். இங்கே விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம், வழியைக் குறையுங்கள்.

இரண்டு, நிறுத்திவிடும் சாமான்: மலிவுதான், ஆனால் இல்லாவிட்டால் இயந்திரம் ஓடாது, சில வேளை ஒரே வழங்குநரிடம்தான் கிடைக்கும். டிரையரின் தனிப்பட்ட உதிரிப்பாகம் அப்படிப்பட்டது. இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒன்று பாவனையில் இருந்தால் ஒன்று களஞ்சியத்தில் இருக்க வேண்டும். பீட்டர் கிரால்ஜிக் 1983இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரை, விலையோடு நின்றுவிடாமல் தட்டுப்பாட்டு ஆபத்தையும் வைத்துப் பொருட்களைப் பிரிக்கச் சொன்னது. மலைநாட்டுக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தில் எத்தனை வீதிகளை அடைத்தன என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்று, சேவைகள்: மோட்டார் கொயில் கட்டுவது, வாகனத் திருத்தம், போட்டோகொப்பி. எண்ணிப் பார்த்து ஏற்க முடியாததால் பணம் கசிவது இங்கே கூட. ஒவ்வொரு வேலைக்கும் மணிநேரம் எழுதிய வேலைத்தாள், மாற்றிய பழைய பாகம் திரும்பக் கையில், முன்னும் பின்னும் ஒரு படம். மூன்றும் இல்லாமல் பில்லை ஏற்காதீர்கள்.

பொருளுக்கு ஒரே பெயர், ஒரே எண்

டிஜிட்டல் திட்டங்கள் தடுக்கி விழும் இடம் மென்பொருளைவிடப் பொருட்பட்டியல்தான். ஒரே சாமான் இருப்புப் புத்தகத்தில் மூன்று பெயரில் இருந்தால், கணினி மூன்று சாமானைக் காட்டும். ஒன்று தீர்ந்துவிட்டது என்று கட்டளை போகும், மற்ற இரண்டும் இறாக்கையில் கிடக்கும்.

ஒரு பெயாரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் 6205 என்று பொறித்திருக்கும். எந்த நிறுவனம் செய்தாலும் 6205 என்றால் உள் துளை 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, தடிப்பு 15. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை அளவு வரும். 04இலிருந்து மேலே இந்தக் கணக்கு பொருந்தும். பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் றப்பர் மூடி, இசட்இசட் என்றால் உலோக மூடி. தேயிலைத் தூள் பறக்கும் இடத்தில் எதைப் போடுவது என்று மெக்கானிக்கிடம் கேட்டு, அந்த எழுத்துகளையும் சேர்த்தே எழுதுங்கள். "பெயாரிங் - நடுத்தரம்" என்று எழுதினால் பிழையான சாமான் வரும், திரும்பப் போகும், பயணச் செலவு இரண்டாகும்.

பெல்ட்டிலும் அப்படித்தான், பி-68 என்பது குறுக்குவெட்டு வகையையும் நீளத்தையும் சொல்லும். ஒவ்வொரு சாமானுக்கும் பொறித்த எண், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர், ஒரு படம், எந்த இயந்திரத்துக்கு, எந்த இறாக்கையில், ஆகக் குறைந்த இருப்பு எத்தனை: இவ்வளவும் ஒரு வரியில் இருக்கட்டும். அடிக்கடி வாங்கும் நூறு சாமானோடு தொடங்குங்கள்.

வழியைச் சுருக்கும் ஐந்து மாற்றங்கள்

1. விலையை முன்கூட்டியே பேசுங்கள். அன்றாடச் சாமான்களுக்கு இரண்டு மூன்று கடைகளோடு மூன்று மாத விலைப்பட்டியல் ஒப்பந்தம். மூன்று விலை கேட்கும் வேலை ஒவ்வொரு தடவையும் நடக்காமல் காலாண்டுக்கு ஒரு தடவை நடக்கும்.

2. அனுமதிக்கு எல்லை வையுங்கள். பட்டியலில் உள்ள சாமான், ஒதுக்கீட்டுக்குள், குறித்த தொகைக்குக் கீழே என்றால் பெரிய கிளாக்கரின் அனுமதி போதும். துரை வாரம் ஒரு முறை முழுப் பட்டியலையும் பார்ப்பார். தொகை கூடினால் முன்கூட்டிய கையெழுத்து. இன்னும் கூடினால் விலைக்கோரல்.

3. கட்டளைக்கு ஒரு நாள். செவ்வாய் எழுதி, புதன் அனுப்பி, வியாழன் ஒரே ஓட்டத்தில் எல்லாம் வரட்டும்.

4. அவசரத்துக்குத் தனி வழி. இயந்திரம் நின்றால் உடனே வாங்கலாம். 24 மணி நேரத்துக்குள் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணங்களை மாதம் ஒரு முறை வாசித்தால், எந்தச் சாமானைக் களஞ்சியத்தில் வைக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

5. மாதத்துக்கு ஒரு பட்டியல். ஒரு கடையிலிருந்து வரும் 20 பில்லுக்குப் பதிலாக மாத முடிவில் ஒரு கூட்டுப் பட்டியல், ஒரு வங்கிப் பரிமாற்றம்.

எத்தனை தடவை வாங்குவது?

ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1913இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். ஆண்டுத் தேவையை ஒரு கட்டளைச் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஒரு சாமானை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

உதாரணமாக, ஆண்டுக்கு 600 சோடி கையுறை, சோடி 250 ரூபா, வைத்திருக்கும் செலவு விலையில் 20 வீதம், அதாவது 50 ரூபா. கட்டளைச் செலவு 2,500 ரூபா. விடை ஏறத்தாழ 245. மாதம் 50 சோடியாக 12 தடவை வாங்கினால் கட்டளைக்கும் சேமிப்புக்குமாக ஆண்டுக்கு 31,250 ரூபா. 250 சோடியாக வாங்கினால் ஏறத்தாழ 12,250 ரூபா. கையுறையின் விலையில் ஒரு சதமும் குறையவில்லை.

அடுத்த படி இன்னும் முக்கியம். வழியைச் சுருக்கிக் கட்டளைச் செலவை 800 ரூபாவாக்கினால் விடை ஏறத்தாழ 140 ஆகும். ஆண்டுச் செலவு 7,000 ரூபாவுக்குள் அடங்கும். சிறு தொகையாக வாங்குவது அப்போது கட்டுப்படியாகும், களஞ்சியத்தில் முடங்கும் பணமும் குறையும். டிஜிட்டல்மயமாக்கலின் உண்மையான பலன் இதுவே.

இப்போது கணினி

வழி சுருங்கிய பிறகே அதைக் கணினியில் ஏற்றுங்கள். ஏழு கையெழுத்தை அப்படியே திரைக்கு மாற்றினால், ஏழு பேர் திரையில் காத்திருப்பார்கள். தொடக்கத்துக்குக் கூகுள் ஷீட்ஸும் ஒரு படிவமும் போதும். கம்பனி மென்பொருள் வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவை: சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் பதிந்து பிறகு அனுப்ப முடியுமா? கைத்தொலைபேசியில் தமிழிலும் சிங்களத்திலும் வேலை செய்யுமா? கட்டளை, ஏற்புச்சீட்டு, பில் மூன்றையும் தானே ஒப்பிடுமா? தரவை நாம் நினைத்தபோது வெளியே எடுக்கலாமா? பயிற்சிக்கும் பட்டியல் திருத்தத்துக்கும் தனிக் கட்டணமா?

மென்பொருளின் செலவையும் கட்டளைக் கணக்கில் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபா, மாதம் 60 கட்டளை என்றால், ஒரு கட்டளைக்கு 417 ரூபா விழுகிறது. மிச்சம் அதற்கு மேல் இல்லையென்றால் எக்செல்லோடு இருங்கள்.

"நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் குறி வந்தபோது முச்சக்கரவண்டி ஓட்டுநர் முதல் லொறிக்காரர் வரை சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால் எல்லாருக்கும் வரும்.

சட்டமும் தடையில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் சட்ட ஏற்பு கொடுத்திருக்கிறது. வற் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். அதனால் வரிப் பற்றுச்சீட்டில் வழங்குநரின் பதிவிலக்கம் சரியா என்று பதியும்போதே பாருங்கள்.

காவல் தளரக் கூடாது

கையெழுத்துகளைக் குறைப்பது கண்காணிப்பைக் குறைப்பது ஆகாது. கேட்பவர், அனுமதிப்பவர், சாமானை ஏற்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். எல்லைக்குள் அடக்குவதற்காக ஒரே கொள்வனவைத் துண்டாக்கியிருக்கிறார்களா என்று மாதம் ஒரு முறை தேடுங்கள். வழங்குநரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சலோ வட்ஸ்அப் செய்தியோ வந்தால், உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்யாமல் மாற்றாதீர்கள். அன்பளிப்பு வாங்காதீர்கள், 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது.

நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பதுளை நகரத்துச் சிறு கடைக்காரர் 90 நாள் பணத்துக்குக் காத்திருக்க முடியாது. காத்திருக்க வைத்தால் அந்த வட்டியை விலையில் ஏற்றுவார், அல்லது உங்களுக்குச் சாமான் தரமாட்டார். 14 நாளுக்குள் பணம் கொடுத்தால் விலையும் குறையும், வீதி அடைபட்ட நாளில் உங்களுக்காகக் கடை திறக்கும் ஆளும் இருப்பார்.

உங்கள் தொழில்

கொள்வனவு இன்று தனித் தொழில். சிஐபிஎஸ் என்ற பிரித்தானியப் பட்டயச் சங்கத்தின் தகுதிகளை இலங்கையிலிருந்தே படிக்கலாம். கணக்கியலில் தொடங்க ஏஏடி உண்டு. தோட்ட உத்தியோகத்தர்களுக்கு 1979இல் தொடங்கிய தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் பயிற்சி தருகிறது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கப் பெறுகைகளும் புரொமிஸ் என்ற இணையத் தளத்துக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அதைக் கையாளத் தெரிந்தவருக்கு வழங்குநர் கம்பனிகளிலும் இடமுண்டு. எல்லவின் விடுதிகள், ஆடைத் தொழிற்சாலைகள், வைத்தியசாலைகள் எல்லாமே பெல்ட்டும் குமிழும் கையுறையும் வாங்குபவைதான். தோட்டத்தில் கற்றது எங்கும் செல்லும்.

நேர்முகத் தேர்வில் "கொள்வனவில் மூன்று ஆண்டு அனுபவம்" என்று சொல்பவர்கள் பலர். "ஒரு கட்டளைக்கான நாட்களை பதினொன்றிலிருந்து நான்காகக் குறைத்தேன், இதோ கணக்கு" என்று தாளை நீட்டுபவர் அரிது. அந்த அரிதான ஆளாக மாறப் பட்டமோ பதவியோ தேவையில்லை. வரும் மாதம் முதலாம் திகதி ஒரு கொப்பியைத் திறந்து அந்த ஐந்து குறிப்பையும் எழுதத் தொடங்குங்கள். மாத முடிவில் தொகையைக் கூட்டி, உங்கள் பெயரையும் திகதியையும் போட்டு, துரையின் மேசையில் வையுங்கள்.